ரெட்டைமடியும் பதினேழு இடைவெளியும்

பதில் மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. மூன்று வரி மரியாதை, இரண்டு வரி நன்றி, நடுவில் ஒரே ஒரு சொல்: டூப்ளிகேட்.

கிளைட்டன் அதை நான்கு தடவை படித்தான். நான்காவது தடவையும் அதே சொல்தான் இருந்தது.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. மென்பொருள் பொறியாளன்; அதிலும் பாதுகாப்புச் சோதனையில் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மென்பொருளுக்கு முன்னால் உட்கார்ந்து, அதற்குக் கண்டதையும் தின்னக் கொடுத்து, எதைத் தின்றால் வாந்தி எடுக்கிறது என்று பார்க்கும் வேலை. வயதைக் கேட்கும் இடத்தில் கழித்தல் நாற்பது. பெயரைக் கேட்கும் இடத்தில் வரிசையாக அறுபதாயிரம் 'ழ'. கையால் ஊட்டினால் ஆயுசு போதாது என்பதால், அதற்கென்று ஒரு நிரல் எழுதி, நொடிக்கு நாலாயிரம் உருண்டையாக உள்ளே தள்ள வேண்டும். என்றைக்காவது மென்பொருள் சுருண்டு விழுந்தால், எந்த உருண்டையில் விழுந்தது என்று குறித்துக்கொண்டு, அதைச் செய்தவர்களிடம் ரகசியமாகச் சொல்ல வேண்டும். அவர்கள் சரிசெய்த பிறகு அந்தப் பிழைக்கு உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் ஓர் எண் கிடைக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும்.

இந்தத் துறையில் மனிதன் மூச்சு விடுவதே அந்தப் பெயருக்காகத்தான். எட்டு வருஷத்தில் கிளைட்டனுக்கு அப்படி ஓர் எண்கூட இல்லை. முதல் கம்பெனியில் அவன் கண்டுபிடித்ததெல்லாம் கம்பெனி பெயரில் போயிற்று. இரண்டாவது கம்பெனியில் அவன் பிழை பிடித்த மென்பொருளையே செய்தவர்கள் கைகழுவிவிட்டார்கள். செத்த மாட்டுக்கு உண்ணி எடுத்தவனுக்கு யார் பரிசு கொடுப்பார்கள். மூன்றாவதான அரணி லேப்ஸ் பெங்களூரில் இருந்தது. அவன் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே அவர்களுக்கு ஆராய்ச்சி செய்தான். ஜனவரியில் பிரிவுத் தலைவர் சிவப்பிரகாஷ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மார்ச்சுக்குள்ள உங்க பேர்ல ஒரு நம்பர் வேணும் கிளைட்டன். ஒண்ணே ஒண்ணு போதும். இல்லன்னா இந்தப் பிரிவை எதுக்கு வச்சிருக்கோம்னு மேல கேக்குறாங்க."

பிரிவு என்பது கிளைட்டன் ஒருவன்தான்.

அவன் அம்மா மரியசெல்வி இதை அக்கம்பக்கத்தில் எளிமைப்படுத்தி வைத்திருந்தாள். "எம்மவன் கம்ப்யூட்டர வாந்தி எடுக்க வைக்கான்."

"அதுக்குச் சம்பளம் குடுக்கானுவளா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பேச்சிச்செல்வி.

"மாசாமாசம் குடுக்கானுவ."

"எங்க வீட்டு மனுசன் சும்மாவே எடுக்காரு, சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை."

கிளைட்டன் எழுதிய நிரலின் பெயர் ரெட்டைமடி. இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுத்து, குஞ்சு குளுவான் மிச்சமில்லாமல் வாரிக்கொண்டு போகுமே, அந்த வலையின் பெயர். கடலில் அதற்குத் தடை உண்டு. லேப்டாப்பில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தான். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். நன்றி சொல்லி இரண்டு பேர் எழுதினார்கள். அதில் ஒருவர் பெயருக்கு அர்த்தம் மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை அவன் வலை விரித்தது துலாசாஃப்ட் என்ற மென்பொருளில். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடும் எடைமேடைகளில் ஓடுவது அது. உப்பு லாரிகள் வரிசை கட்டும் ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. ரெட்டைமடி முப்பத்தொன்பது நாள் இழுத்தது. லேப்டாப் சூட்டுக்கு மேசை மின்விசிறி ஒன்று பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்தது. உண்மையில் இழுத்தது அறுபத்தொரு நாள். முதல் இருபத்திரண்டு நாளை மரியசெல்வி மிக்ஸி போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கி முடித்துவைத்திருந்தாள். சட்னி நன்றாக இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் மென்பொருள் விழுந்தது. வண்டி எண்ணை அடித்துவிட்டு, அதற்குப் பின்னால் பதினேழு இடைவெளி விட்டு ஒரு கமா வைத்தால், துலாசாஃப்ட் மேடையில் நிற்கிற வண்டியை மறந்துவிடும். அதற்கு முன்னால் ஏறிய வண்டியின் எடையையே சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுக்கும். இதை முப்பத்திரண்டு பக்க அறிக்கையாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் அரணி லேப்ஸ் முத்திரை போட்டு, எண் கிடைக்கும்போதுதான் ஆள் பெயரைக் கொடுப்பது கம்பெனி வழக்கம் என்பதால், பெயரில்லாமல் கம்பெனியின் பொது முகவரியிலிருந்து துலாசாஃப்டுக்கு அனுப்பினான். அதற்குத்தான் இந்தப் பதில்.

மேசையில் சோறும் பொரித்த சாளை மீனும் வந்தபோது அப்பா விக்டர் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார்.

"என்னல, மூஞ்சி ஐஸ்ல கெடந்த மீனு மாதிரி இருக்கு."

"பதில் வந்துட்டுப்பா."

"என்ன சொல்லுதான்?"

"டூப்ளிகேட்னு சொல்லிட்டான்."

விக்டரின் கை சோற்றிலேயே நின்றது.

அவருக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை. விக்டர் மரைன் ஸ்பேர்ஸ். பெயர்ப்பலகையில் அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில் 'ஒரிஜினல் மட்டும்' என்று இருக்கும். ஃபில்டரை மோந்து பார்த்தே அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஏஜென்ட் ஒருவன் போலிப் பம்பு இம்பெல்லரைக் கலந்து கொடுத்துவிட்டான் என்று, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய், அவன் கண் முன்னாலேயே படகுத்துறையில் கடலுக்குள் போட்டவர். அப்படிப்பட்டவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர் பெற்ற மகன், தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டான்.

"யாரப் பாத்து டூப்ளிகேட்டுங்கான்?"

"ஆளச் சொல்லலப்பா. ரிப்போர்ட்ட. எனக்கு முன்னாடியே வேற ஒருத்தன் சொல்லிட்டானாம். நான் சொன்னது ரெண்டாவது."

"ரெண்டாவதுன்னா ரெண்டாவதுன்னு சொல்லணும். டூப்ளிகேட்டுன்னு எதுக்குல சொல்லுதான்?"

"இந்தத் தொழில்ல அப்படித்தான் சொல்லுவாவ."

"என் தொழில்ல அப்படிச் சொன்னா கடைய அடைக்கணும்."

"ரெண்டு பேரும் மீனத் தின்னுங்க," என்றாள் மரியசெல்வி. "ஆறிப்போனா அதுவும் டூப்ளிகேட்டுதான்."

கிளைட்டன் விடவில்லை. முதலில் சொன்னது யார், எப்போது, எப்படி என்று துலாசாஃப்டுக்குத் திரும்ப எழுதினான். நான்கு நாள் கழித்து விளக்கம் வந்தது. முதல் தகவல் ஏழு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். இன்னும் சரிசெய்யவில்லை, வரிசையில் இருக்கிறதாம். சொன்னது எங்கோ குளிர்நாட்டில் படிக்கும் ஒரு மாணவன். அவன் எழுதியதிலிருந்து ஒரு பத்தியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ரெட்டைமடி என்ற கருவியைப் பல்கலைக்கழகக் கணினியில் ஓடவிட்டுவிட்டு, நண்பர்களோடு மலையேறப் போனதாகவும், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பார்த்தால் துலாசாஃப்ட் விழுந்து கிடந்ததாகவும் அதில் இருந்தது. கருவி எளிமையாக இருக்கிறது, ஆனால் பெயரை உச்சரிக்க முடியவில்லை என்று ஒரு குறிப்பு.

கிளைட்டன் தனக்கே இரண்டாவதாக வந்திருந்தான்.

அவன் செய்த முதல் தவறு இதை அப்பாவிடம் சொன்னது.

விக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"அச்சு யாருது?"

"என்ன அச்சு?"

"அவன் எந்த வலையில பிடிச்சான்?"

"என் வலையிலதான்."

"அப்ப அச்சு ஒன்னுது. ஒன் அச்ச எடுத்து அவன் வாத்திருக்கான். இப்பச் சொல்லு, டூப்ளிகேட் யாரு?"

"அப்படி இல்லப்பா அது."

"பொறவு எப்படி?"

கிளைட்டன் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தான். மார்ச் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

"நீ எழுதுன அந்தக் கடுதாசிய எனக்கு வாட்சப்புல அனுப்பு," என்றார் விக்டர்.

எட்டு வருஷத்தில் அவன் வேலையில் ஒரு பக்கத்தைக்கூட அவர் பார்க்கக் கேட்டதில்லை. இரண்டாவது தவறுக்கு இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. அனுப்பினான்.

"யாருக்கும் காட்டிராதிய. அவங்க சரிபண்ணுத வரைக்கும் வெளிய தெரியக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நான் யாருக்குல காட்டப் போறேன். இங்கிலீசுல்லா இருக்கு."

துறைமுக வியாபாரிகள் நலம் என்று ஒரு வாட்சப் குழு உண்டு. இருநூற்றுப் பதினான்கு பேர். காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் டீசல் விலை, சாயங்காலம் யாராவது இறந்த செய்தி. அதில் மறுநாள் காலை ரோஜாப்பூக்களுக்கு நடுவே முப்பத்திரண்டு பக்க அறிக்கை ஒன்று வந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து இரண்டு நிமிஷம் நாற்பது நொடிக்கு விக்டரின் குரல். அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம் சொல்லி, தன் மகன் சொந்த அச்சில் கண்டுபிடித்ததை எவனோ எடுத்துப் போட்டுக்கொண்டு இவனை டூப்ளிகேட் என்று சொல்கிறான் என்றும், உண்மையை நாலு பேர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும், விக்டர் வீட்டிலிருந்து வருவது எப்போதும் ஒரிஜினல்தான் என்றும் அந்தக் குரல் தெரிவித்தது. கும்பிடும் கைகள் தொண்ணூறு வந்தன.

கிளைட்டன் அந்தக் குழுவில் இல்லை. ஐந்தாம் நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, கடையில் நயினார் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எட்டு உப்பு லாரிக்குச் சொந்தக்காரர். மடியில் அல்வாப் பொட்டலம்.

"வாங்க தம்பி. ஊருக்கே உபகாரம் பண்ணிட்டிய."

"என்ன உபகாரம் அண்ணாச்சி?"

"பதினேழு தட்டு, ஒரு கமா. ஆறாம் பக்கம்."

கிளைட்டன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான்.

"கூடுதல் லோடுன்னு வழியெல்லாம் நிப்பாட்டிக்கிட்டே கெடந்தானுவ," என்றார் நயினார். "இப்ப சீட்டு சுத்தமா இருக்கு. முன்னால எந்த வண்டி ஏறுதுன்னு மட்டும் பாத்துக்கிடணும். மொத நாளு நம்ம டிரைவரு அவசரத்துல ஒரு காய்கறி வேனுக்குப் பின்னால ஏத்திட்டாரு. பத்துச் சக்கர லாரி, உப்போட சேத்து ஆயிரத்து நானூறு கிலோன்னு சீட்டு வருது. மேடைக்காரனே சிரிச்சிட்டான்."

"எத்தன பேரு இப்படிப் பண்ணுதாவ?"

"எல்லாரும்தான். ஒரு முறை வச்சிருக்கோம் தம்பி. காலையில அளவா லோடு ஏத்துன ஒரு வண்டிய மொதல்ல ஏத்திருவோம். பொறவு அன்னைக்குப் பூரா அந்த எடைதான். சண்ட சச்சரவு கெடயாது."

அந்த முறையில்தான் கோளாறு இருந்தது. அன்று ஒரே மேடையில் அறுபத்து மூன்று லாரிகள் ஏறின. அறுபத்து மூன்றும் இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து கிலோ இருந்தன. அதில் நான்கு லாரிகள் காலி. நெடுஞ்சாலையில் சீட்டைச் சோதிக்கிற அதிகாரிக்கு எண்களில் அவ்வளவு ஆர்வம் இல்லை என்றாலும், ஒரே எண்ணை அறுபத்து மூன்று தடவை பார்த்தால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். அன்று சாயங்காலமே புகார் துலாசாஃப்டுக்குப் போயிற்று; விசாரித்ததில் வாட்சப் குழுவில் கிடந்த அறிக்கையும் விக்டரின் குரலும் அவர்கள் கையில் கிடைத்தன.

நயினார் அல்வாவை வைத்துவிட்டுப் போன பிறகு கிளைட்டன், "அப்பா," என்றான்.

"ஒரிஜினல்னுதானல போட்டேன்," என்றார் விக்டர். "டூப்ளிகேட்டுன்னு நாலு பேரு பேசிரக் கூடாதுல்லா."

"டூப்ளிகேட்டுன்னு சொன்னது ஒங்களத் தவிர யாருக்குமே தெரியாதேப்பா."

விக்டர் ஒரு பெட்டியைத் திறந்து இம்பெல்லர் ஒன்றை வெளியே எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

சிவப்பிரகாஷ் மறுநாள் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"குரூப்ல போட்டது நீங்களா கிளைட்டன்?"

"இல்ல சார். எங்கப்பா."

"உங்கப்பா நம்ம ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"இல்ல சார்."

"அதான் பிரச்சினை. போட்டிருந்தா அவரைக் கேட்டிருப்போம்." கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பக்கத்துக்குப் பக்கம் நம்ம முத்திரை இருக்கு. துலாசாஃப்ட்காரங்க எழுதினது யாருன்னு கேட்டாங்க. ஊழியர் விவரத்தை வெளிய சொல்றதில்லைங்கறது நம்ம கொள்கை. அதனால சொல்லல."

"தேங்க்ஸ் சார்."

"இன்னைலேருந்து நீங்க ஊழியர் இல்ல. இருந்தாலும் சொல்லல."

இந்தத் தொழிலில் ஆளை எடைபோடுவது ஒரே விஷயத்தை வைத்துத்தான்: ரகசியம் காப்பானா. மற்றதெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம். சிவப்பிரகாஷ் பெயரைச் சொல்லாமல் இருக்கும்வரை வேறு எங்காவது வேலை தேட ஒரு சின்னச் சந்து திறந்திருந்தது.

ஏழு மாதம் வரிசையில் நின்ற பிழையைத் துலாசாஃப்ட் இரண்டே நாளில் சரிசெய்தது. மார்ச் முப்பதாம் தேதி அதற்கு எண் கிடைத்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற அந்தப் பட்டியலில் நான்கு வரி. முதல் வரி எண். இரண்டாம் வரி, கண்டுபிடித்தவர்: மலையேறிய மாணவன். மூன்றாம் வரி, கருவி: ரெட்டைமடி. நான்காம் வரி, அனுமதியின்றி வெளியிட்டவர்: கிளாட்சன், தூத்துக்குடி.

கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தபோதுதான் அது யார் என்று புரிந்தது. விக்டரின் குரல் செய்தியைத் துலாசாஃப்ட்காரர்கள் ஏதோ ஓர் எந்திரத்திடம் கொடுத்து எழுத்தாக மாற்றியிருந்தார்கள். 'எம்மவன் கிளைட்டன்' என்பதை எந்திரம் 'என் மகன் கிளாட்சன்' என்று கேட்டிருந்தது. நோட்டீஸ் முழுக்க மேற்படி கிளாட்சன், மேற்படி கிளாட்சன் என்றே இருந்தது.

கிளைட்டன் அஃப்ஸலைக் கூப்பிட்டான். காயல்பட்டினத்துக்காரன், கூடப் படித்தவன். இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் சட்டம் படித்தான். அண்ணன் தம்பியெல்லாம் துபாயில் இருக்க, இவன் மட்டும் தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டோடு வெயில் காய்கிறான். கடைக்கு வந்து நோட்டீஸை நின்றபடியே படித்து முடித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ள, அல்லா காப்பாத்திட்டான். இதுல ஒன் பேரே இல்ல."

விக்டர் எட்டிப் பார்த்தார். "கிளாட்சன். அது நம்ம ஜில்லா நாசரேத்துப் பக்கத்துப் பேருல்லா. அங்கன தெருவுக்கு நாலு கிளாட்சன் இருப்பான்."

"அதான் அங்கிள். ஒங்களுக்குக் கிளாட்சன்னு மவன் இருக்கானா? இல்ல. கம்பெனிக்காரனும் பேரச் சொல்ல மாட்டேங்கான். 'மேற்படி நபர் எவரும் எங்களிடம் இல்லை.' ஒரு வரி எழுதிப் போடுவோம். நாசரேத்துல போயித் தேடட்டும்."

"அப்படியே செய்யி," என்றார் விக்டர். குரல் அவருடையது போலவே இல்லை. "கிளாட்சன்னே இருந்துட்டுப் போவட்டும்ல. ஒனக்கு வேற எடத்துல வேல கெடைக்கணும்லா."

கிளைட்டன் செல்போனில் பட்டியலைத் திறந்தான். எண் அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். நான்காம் வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். இணையம் இருக்கும்வரை அது அங்கே இருக்கும். ரெட்டைமடியை எழுதிய லேப்டாப்பும், சட்னிக்குப் போன இருபத்திரண்டு நாளும், எட்டு வருஷமும் சேர்ந்து விளைந்த அந்த ஒரு வரியில், பிறக்கவே பிறக்காத ஒரு நாசரேத்துக்காரன் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"அஃப்ஸல், பதில் எழுது."

"அதான் சொல்லுதேன். மேற்படி நபர் எவரும்..."

"அது வேண்டாம். கிளாட்சன் இல்ல, கிளைட்டன்னு எழுது. ரெண்டு எடத்துலயும் திருத்தச் சொல்லு. நோட்டீசுலயும் திருத்தணும், அந்தப் பட்டியல்லயும் திருத்தணும்."

அஃப்ஸல் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஒனக்குக் கிறுக்கால பிடிச்சிருக்கு? எழுதிக் குடுத்தா கேசு ஒன் மேல வரும். பொறவு எவனும் ஒன்ன வேலைக்கு எடுக்க மாட்டான்."

"வரட்டும். எழுத்துப் பிழையோட வரக் கூடாது."

அஃப்ஸல் விக்டரைப் பார்த்தான். விக்டர் யாரையும் பார்க்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லாதபோது, யாருக்கோ ஃபில்டர் எடுத்துவரப் போகிறவர்போல உள்ளே அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார்.

அஃப்ஸல் செல்போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான்.

"இனிஷியல்?"

"வி. கடைசியில குடும்பப் பேரு மச்சாதுவும் போடு."

"அது எதுக்குல?"

"ஊர்ல வேற கிளைட்டன் இருப்பான்."